சிரிப்புக்கு விட்ட இடம்

வசனத்தைச் சொல்லிவிட்டு அவள் மறுபடியும் நின்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"கட்!"

காட்சி இதுதான்: காதலன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டுகிறான். "எழுந்திருங்கள், அது நாய் படுக்கிற இடம்" என்கிறாள் அவள். லண்டன் மேடையில் முந்நூறு நாள் கொட்டகையே குலுங்கிய வசனம். சிரிப்பு அடங்கும்வரை நின்று நின்று அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

ஆனால் இது பேசும்படம். இங்கே சிரிக்க யார் இருக்கிறார்கள்? மைக்கில் விழுந்துவிடுமே என்று தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இயக்குநர் கிரான்ட்லி வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"யாருக்காகம்மா நிக்கறீங்க? இங்க டிக்கெட் வாங்கிட்டு எவனும் உக்காந்திருக்கலை. இன்னொரு வாட்டி நின்னீங்கன்னா சிபில் நடிக்கட்டும்."

மாற்று நடிகை சிபில் ஓரமாகத் தயாராக இருந்தாள். அதே நீல கவுன். பத்து வயது குறைவு.

பாழாய்ப்போன பழக்கம்! இந்தப் படமும் கைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒலிப்பதிவாளர் விக்கரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். காதில் ஹெட்போன் அப்படியே இருந்தது.

"யாருப்பா சிரிச்சது?"

யாரும் சிரிக்கவில்லை.

"அவங்க நின்னாங்கல்ல, அந்த இடத்துல. ஒரே ஒரு ஆள். எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் லேட்டா சிரிக்கிற மாதிரி."

அவள் சட்டென்று விக்கரி பக்கம் திரும்பினாள்.

அப்படிச் சிரிக்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவள் கணவர். காது மந்தம். பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வரும். மற்றவர்களுக்கு மூன்று எண்ணினால் போதும். நான்காவது அவருக்கு.

ஜனவரியில் அவரைப் புதைத்தாயிற்று.

"பேய் பிசாசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கிரான்ட்லி. "நீங்க இடைவெளியே விடாதீங்க. முடிஞ்சுது வேலை."

கேமரா ஓடியது.

"எழுந்திருங்கள், அது நாய் படுக்கிற இடம்."

அடுத்த வசனத்தை உடனே பிடித்துக்கொண்டாள். விளக்குகளுக்கு அப்பால், இருட்டில், யாரோ சிரிக்க வாய் திறந்து நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது.

"பிரமாதம்!" என்று கத்தினார் கிரான்ட்லி. சிபில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கவுனைக் கழற்றக் கிளம்பினாள்.

விக்கரி கையை உயர்த்தினார். "இப்ப சுத்தமா இருக்கு மேடம். யாருமே இல்ல."

"யாருமே இல்லையா?"

"ஒரு ஈ, எறும்புகூட இல்ல."

அவள் இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வாட்டி எடுங்க சார்" என்றாள். "நான் நிக்கணும்."

சிபில் பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.