பீமுக்குக் கீழே ரினி

துவாக்குடிப் பட்டறையில் இரும்பு பீம்களுக்குக் கணினியில் வெட்டுப்பாதை போடுவது ஜெசிந்தாவின் வேலை. பாதை போட்டு முடித்ததும் மென்பொருள் அவள் மகள் ரினியின் உருவத்தைத் திரையில் அந்த பீமுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தும். பாதை போடுபவரின் வீட்டு ஆள் ஒருவர் அங்கே நின்றாக வேண்டும் என்பது சட்டம். வெட்டின் உள்மூலையை வளைக்காமல் சதுரமாக வெட்டினால், பீம் அங்கே விரிசல் விட்டு ரினியின் மேல் விழும். தினமும் இதைப் பார்க்க முடியாமல், மகளைத் திரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மனுப் போட்டிருந்தாள்.

இன்று காலை வேதாரண்யத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"அக்கா, புயல்ல ஊரே போச்சு. எங்க பாதுகாப்பு மையத்துக் கூரை மட்டும் அசையவே இல்ல. உள்ள இருந்த முந்நூறு பேரும் பொழச்சுட்டோம். பீம்ல உங்க பேரும் நம்பரும் பொறிச்சிருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்க்கா."

ஜெசிந்தாவுக்கு அந்த பீம் நினைவிருந்தது. ரினி தப்பும்வரை அதன் மூலையை நான்கு தடவை மாற்றிப் போட்டிருந்தாள்.

திரையில் பதில் வந்திருந்தது: 'மனு ஏற்கப்பட்டது. மகளை நீக்கலாமா?'

கண்ணைத் துடைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்று அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் நில்லு தங்கம்" என்றபடி அடுத்த பீமின் மூலையை வளைக்கத் தொடங்கினாள்.