கார்டுக்குப் பின்னால் ஒரு எண்

ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் உள்ளே வந்தால் காரியம் கெட்டுவிடும்; வங்கி அலுவலகத்தில் யாரும் மிக்ஸி ஓட்டுவதில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் சார்" என்று சொல்லிப் பார்த்தாள். காலையிலிருந்து யாரிடமும் பேசாத குரல், முதல் வார்த்தையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். குரல் சரியான பிறகு எண்ணை அழுத்தினாள். எங்கும் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவு மனப்பாடம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாராவாரம் இந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பயம்தான். இன்றைக்கு எடுக்காமல் விட்டுவிட்டால்? சந்தேகம் வந்திருந்தால்?

எடுத்துவிட்டார்.

"வணக்கம் சார், கார்டு பாதுகாப்புப் பிரிவுலேர்ந்து பேசறேன்."

"நீதானாம்மா! உன் பேரைத்தான் இன்னும் சொல்ல மாட்டேங்கற."

"பேர் சொல்லக்கூடாது சார். எங்க பிரிவுல அப்படித்தான்."

பெரியவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் கடல் தாண்டிப் போயாயிற்று. ஆன்லைனில் போர்வை வாங்கப் போய் ஒரு போலிக் கடையில் மாட்டிக்கொண்டாரே, அப்போதுதான் இவள் குரல் முதன்முதலாக அவர் காதில் விழுந்தது. ஏமாற்றுகிறவர்களுக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் கொண்டாட்டம்தான்.

"இந்த வாரம் ஆன்லைன்ல ஏதாவது வாங்கினீங்களா சார்?"

"செருப்பு வாங்கினேன். ரெண்டுமே இடது காலுக்கு வந்திருக்கு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"திருப்பி அனுப்பிடுங்க சார். பணம் தானா கார்டுக்கு வந்துடும். நடுவுல யாராவது லிங்க் அனுப்பினா தொடாதீங்க."

"சரிம்மா. இப்ப என் கார்டு நம்பரைச் சொல்லட்டுமா? எழுதிக்கறியா?"

அவள் ஒற்றைக் கட்டிலையும் கழுவாமல் கிடந்த ஒற்றை டம்ளரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பின்பக்கம் மூணு நம்பர் இருக்கே, அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்!" கத்தியே விட்டாள். "எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்றது? போன வாரமும் இதே கதைதான். கார்டு நம்பர், அந்த மூணு நம்பர், ஓ.டி.பி., எதையும் யாருக்கும் சொல்லக்கூடாது."

"உனக்குக்கூடவா?"

"எனக்கும்தான். பேங்க்லேர்ந்து பேசறேன்னு யார் கூப்பிட்டாலும் போனை வெச்சுடுங்க. கார்டுக்குப் பின்னால ஒரு போன் நம்பர் அச்சடிச்சிருக்கு பாருங்க, அதுக்கு நீங்களே கூப்பிட்டு விசாரிங்க. முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே, சொன்னே. மறக்கல."

அந்தப் பக்கம் மின்விசிறி கடகடவென்று ஓடுவது மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறாரோ என்று பயந்து, அவர் முழங்கால் வலியை விசாரித்தாள், மழையைப் பற்றிச் சொன்னாள், மகள் பேசினாளா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார்.

"நீ சொன்னபடியே செஞ்சேம்மா" என்றார் திடீரென்று.

"என்ன சார்?"

"அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். போன மாசமே. சும்மா உன்கிட்ட பேசலாம்னுதான்."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிரிவையே மூடியாச்சாம். இப்ப எல்லாம் மெஷினே மெசேஜ் அனுப்பிடுதாம். அங்க இருந்த பொண்ணுங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாமே. அங்கேர்ந்து பேசறேன்னு யாராவது சொன்னா திருட்டுக் கும்பல்தான், எடுக்காதீங்கன்னாங்க."

அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. அந்த அறையில் அவளோடு பேச இருந்த ஒரே குரலும் இதோடு போயிற்று. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

"சார்... நான் தப்பான எண்ணத்துல..."

"தெரியும்மா. வாராவாரம் கார்டு நம்பரை நீட்டித்தான் பார்க்கறேன், வாங்க மாட்டேங்கறியே."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"இப்பவாவது சொல்லு, உன் பேரென்னம்மா?"