சிறுமலையின் பிடி

எரியோடு ஊருக்குப் பக்கத்து நூற்பாலையில், ‘சிறுமலை’ என்று பெயர் வைத்திருந்த பழைய சர்வர் கம்ப்யூட்டர் போன மாதம் செத்துவிட்டது. அதன் டிஸ்க்குகளை, மில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஜெஸ்ஸி புதிய சர்வரில் பொருத்திக் கட்டளையைத் தட்டினாள். அவற்றைச் ‘சிறுமலை’ இன்னும் பிடித்து வைத்திருப்பதாகத் திரை சொன்னது. முறைப்படி விடுவிக்காமல் கழற்றினால் அப்படித்தான் சொல்லும். அந்தப் பெயரை அழித்தாள். மில் கணக்கெல்லாம் திறந்தது.

மறுநாள் காலையில் எதுவும் திறக்கவில்லை. மறுபடியும் ‘சிறுமலை’. அழித்தாள். அடுத்த நாளும் அதேதான்.

உள்ளிருந்ததையெல்லாம் கழற்றிய ‘சிறுமலை’யின் வெறும் பெட்டி, வாட்ச்மேன் மலைச்சாமியின் கரண்ட் இல்லாத கொட்டகையில் கிடந்தது. அதன்மேல் அவர் தூக்குவாளியை வைத்திருந்தார்.

“இன்னைக்கே இதைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாம்ண்ணே,” என்றாள் ஜெஸ்ஸி.

“கெடக்கட்டும் தாயி. இதுமேல வச்சா மத்தியானம் வரைக்கும் சோறு ஆறவே மாட்டேங்குது.”