முப்பது மடவை

"ஏரி மடவை வேற, கடல் மடவை வேறன்னு டெஸ்ட்ல வந்துட்டா, முகத்துவாரம் எங்களுக்குத்தான். அப்புறம் உன் வலைக்கு அங்க இன்னா வேலை மச்சான்?" என்றார் ஏரிக்கரைக் குப்பத்துப் பச்சைமுத்து.

"ரெண்டும் ஒண்ணுதான்னு வந்துட்டா?" என்றார் கடலோரக் குப்பத்துத் திருவேங்கடம், பச்சைமுத்துவின் தங்கை புருஷன்.

ஏரி கடலில் சேரும் அந்த முகத்துவாரத்துக்காக இரண்டு குப்பமும் முறைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் தங்கை வீட்டுக்கு மீன் போவது நிற்கவில்லை. அன்று காலைகூட ஒரு பெரிய மடவையில் பாதி போயிருந்தது.

இரண்டு மடவையும் ஒரே இனமா என்று மரபணு ஆராய்ச்சி செய்ய வந்த மோகனப்பிரியா, இருவருக்கும் ஆளுக்கு முப்பது குப்பிகளைக் கொடுத்து, "முப்பது மீன்ல நகமளவு துண்டு வெட்டிப் போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெட்டுப்பட்ட மீனை ஏலத்தில் எவன் எடுப்பான்? அறிவியலுக்காக வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? குழம்புக்கு வைத்திருந்த மிச்சப் பாதி மடவையிலேயே முப்பது துண்டையும் வெட்டி முடித்தார் பச்சைமுத்து.

முடிவு சொல்லும் நாளில் இரண்டு குப்பமும் கூடியது.

"பச்சைமுத்து அண்ணா, நீங்க குடுத்த முப்பது துண்டும் ஒரே மீன்" என்றாள் மோகனப்பிரியா.

ஊரே சிரித்தது. திருவேங்கடம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நீங்க சிரிக்காதீங்கண்ணா. உங்க முப்பதும் அதே மீன்தான்."

பச்சைமுத்து திரும்பி முறைத்தார். "டேய், அது நான் தங்கச்சிக்கு அனுப்பின மீனாச்சே!"

திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு நான் அப்பவே சொன்னேனே மச்சான்!"