பாதி கிளாஸ் தேநீர்

புகைப்படக்காரர் உட்கார மாட்டேன் என்கிறார். ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே பேட்டி கொடுக்கிறார். வலது கை பேண்ட் பையை விட்டு வெளியே வருவதேயில்லை. சுவரில் அவர் எடுத்த குதிரை ஓடுகிறது, பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய. மேற்கு வெயில் திரைச்சீலைக்குள் புகுந்து, அதன் பின்னால் நிற்கும் கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் தரையில் நிழலாக நீட்டிப் போடுகிறது. திரைக்குக் கீழே தெரியும் கால்களைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் யாரும் பிரிக்கவில்லை. பத்திரிகைக்காரி அதைப் பார்த்துவிடுகிறாள். முப்பது வருடமாக எல்லாப் பேட்டியிலும் அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: "ஸ்டாண்டு வெச்சா படத்த அதுதான் எடுக்குது, நான் இல்ல." அவள் பேனா மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள். "இப்பவும் கையில பிடிச்சுதான் எடுக்கறீங்களா சார்?" நடை நிற்கிறது. தேநீரோடு வந்த மனைவி, கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள்: "அந்த ஸ்டாண்டாம்மா? துணி காயப்போட வாங்கினது." யாரும் சிரிக்கவில்லை. விருந்தாளியின் கிளாஸ் விளிம்புவரை நிறைந்திருக்கிறது, அவருடையதில் பாதிதான். அவர் பையிலிருந்து கையை எடுத்துத் தன் கிளாஸைத் தூக்குகிறார். தேநீர் கிளாஸின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதுகிறது, பாதிதான் என்பதால் சிந்தவில்லை. மனைவி தரையைப் பார்க்கிறாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் சொல்கிறார்: "எழுதிக்கம்மா. இனிமே எனக்கு அஞ்சு காலு."