திறக்காத யன்னல்

பென்சிலால் போட்ட இரண்டு வட்டங்களையும் அவன் எச்சில் தொட்ட விரலால் அழித்துக்கொண்டிருந்தான்.

சுவரின் மரத்தில் போட்ட கோடு லேசில் போகவில்லை. கறுப்பாகப் பரவியது.

வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸுக்கு இரண்டு குழாய். ஒன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளும். இரண்டும் பேஸ்மென்ட் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகவேண்டும். பொருத்த வந்த யூட் சுற்றிப் பார்த்தான், வடகிழக்கு மூலையில் வட்டங்களைப் போட்டான், துளைக்கும் மெசினை எடுத்துவர வெளியே நின்ற வான் வண்டிக்குப் போய்விட்டான்.

வடகிழக்கு. ஈசான மூலை.

அதற்கு நேர் மேலேதான் சாமியறை.

அவனுக்கு வேலை பறிபோன வருடம், மனைவி அந்த மூலையில் ஒரு பழைய செருப்பைக்கூட இருக்க விடவில்லை. மேலே விளக்கேற்றி விரதமிருந்தாள். வேலை திரும்பக் கிடைத்தது. அந்த மூலையில் ஓட்டை போட்டுப் புகைக்குழாய் வைக்க அவள் விடுவாளா? அவனுக்கே மனம் வரவில்லை.

யூட் திரும்பி வந்தான். அழிந்தும் அழியாமலும் கிடந்த வட்டங்களைப் பார்த்தான்.

"மற்றப் பக்கத்தால விடுவம்," என்று அவன் யூட்டிடம் சொன்னான்.

"மற்றப் பக்கம் யன்னல் இருக்கெல்லே அண்ணை. திறக்கிற யன்னலுக்குக் கிட்டப் புகைக்குழாய் வைக்கேலாது. புகை உள்ளுக்கு வந்திடும். மணமும் இராது, ஆளையே முடிச்சுப்போடும்."

"அது திறக்கிறேல்லை."

அவனுக்கு வாய் முந்திவிட்டது.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் தவமலர் அங்கேதான் அடுப்படியில் நின்றாள். மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். யன்னல் அகலத் திறந்திருந்தது. திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இருந்தது அந்த ஒரு யன்னல்தான். அதற்குக் கீழே அவளுடைய மகளின் கட்டில். பிள்ளை குப்புறப் படுத்து ஒரு படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தது.

குடிவந்த அன்று அவன்தான் சொன்னான். மீன் மணம் மேலே சாமியறைக்கு வரக்கூடாது, சமைக்கும்போது யன்னலைத் திறந்துவை என்று. பனி கொட்டிய நாளிலும் அவள் திறந்துவைத்தாள். பிள்ளை கோட்டுப் போட்டபடி சோறு தின்பதை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுப் படியேறிப் போயிருக்கிறான்.

யூட் யன்னலைப் பார்த்தான். பிறகு தவமலரைப் பார்த்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, எட்டி யன்னலைச் சாத்தினாள். கொளுக்கியையும் போட்டாள்.

"ஓம் தம்பி," என்றாள். "அது திறக்கிறேல்லை."

முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவன் தப்பியிருப்பான். அவனுடைய பொய்யைத் தன்னுடையதாக்கி அவன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். இந்தக் குளிரில் பிள்ளையோடு வேறு வீடு தேட முடியாதவள் வேறு என்னதான் சொல்வாள்.

பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தது.

அவனுக்குக் காது இரண்டும் சுட்டன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

யூட் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். தயங்கித் தயங்கி யன்னல் பக்கம் நடந்தான்.

"பொறு."

அவன் பென்சிலை வாங்கினான். ஈசான மூலைக்குப் போய், தான் அழித்த வட்டங்களைத் தானே திரும்பப் போட்டான். வட்டங்கள் கோணலாக வந்தன.

"இதாலயே விடு."

மெசின் இரைந்ததும் மனைவி படியிறங்கி வந்தாள். ஓட்டையால் பகல் வெளிச்சம் உள்ளே விழுந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பி ஏறிப் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது போதாத தண்டனையாகத்தான் பட்டது.

யூட் குழாய்களை ஒட்டத் தொடங்கினான். பசையின் நெடி பேஸ்மென்ட் முழுக்கப் பரவியது. கண் எரிந்தது. பிள்ளை இருமியது. தவமலர் சால்வை நுனியால் பிள்ளையின் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். தலைக்கு மேலே யன்னல்.

கொளுக்கியைத் தட்டிவிட்டால் போதும்.

திற என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் சொல்வது. அவனே போய்ப் பேஸ்மென்டின் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வேலை முடியும்வரை குளிரில் நின்றான்.

வீடு சூடானது. வடகிழக்கு மூலையால் வெள்ளையாக ஆவி போனது. வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை, குடும்பத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பனிக்காலம் முழுக்க, வேலையால் வரும்போது அவன் வீட்டைச் சுற்றிப் போய் அந்த யன்னலைப் பார்த்தான். சாத்தியே கிடந்தது. உள்பக்கம் விளிம்பு நெடுக அகலமான ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

ஒருநாள் படியில் நின்றபடி தவமலரிடம் சொன்னான்.

"தங்கச்சி, குழாய் மற்றப் பக்கம்தானே போகுது. அதைத் திறக்கலாம். பயமில்லை."

"ஓம் அண்ணை," என்றாள்.

திறக்கவில்லை.

கீழிருந்து மீன் மணமும் வரவில்லை. அன்றோடு நின்றுபோனது.

மேலே சாமியறையில் சாம்பிராணி மட்டும் மணக்கிறது. மனைவி விளக்கேற்றும்போது அவனும் பக்கத்தில் வந்து கண்ணை மூடி நிற்கிறான். மூச்சை ஆழமாக இழுக்கிறான். பக்தி கூடிவிட்டது என்று மனைவிக்குச் சந்தோசம்.

மீன் மணம் வரவேண்டும் என்றுதான் அவன் கும்பிடுகிறான்.