கைதிக்கு ஒரு நாற்காலி

"எதிரிக்கு ஆட்டுக்கறியா?"

வீரையா கையிலிருந்த ரம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மகன் உடையப்பன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ரம். அன்று காலையில்தான் லீவில் வந்து இறங்கியிருந்தான். பங்களாதேஷ் சண்டையில் பிடிபட்ட பாகிஸ்தான் சிப்பாய்களை வைத்திருக்கும் முகாமில் ஒரு வருஷமாக அவனுக்குக் காவல் வேலை.

கதை கேட்க நாச்சியாபுரத்தில் பாதித் தெரு முற்றத்தில் கூடிவிட்டது.

"கறி மட்டுமாப்பா? டாக்டரு, வீட்டுக்குக் கடுதாசி, எல்லாம் உண்டு. கை ஓங்கக் கூடாது. கேலி பேசக் கூடாது. ஜெனீவாச் சட்டம்!"

பக்கத்து வீட்டு இருளாண்டிக்கு வயிறு எரிந்தது. "நம்மாளுகளச் சுட்ட பயலுகளுக்கா? நாலு சாத்துச் சாத்த வேணாமாடா?"

"தப்புண்ணே. சண்டை ரெண்டு சர்க்காருக்கும். துப்பாக்கியக் கீழ போட்டுட்டா அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்."

சட்டத்தை அவனே உட்கார்ந்து எழுதியதுபோல நெஞ்சு நிமிர்ந்தது உடையப்பனுக்கு.

"போன மாசம் ஒருத்தனுக்கு, ஆத்தா செத்துப்போச்சுன்னு தந்தி. ஆபீசரே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உக்கார வச்சுச் சொன்னாரு. தொழுகைக்கு இடம் கொடுத்தோம். அழுதான் பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. யாரா இருந்தா என்ன, ஆத்தா ஆத்தாதானே?"

கூட்டம் 'உச்' கொட்டியது. வீரையா மட்டும் தரையைப் பார்த்தார்.

தண்ணீர்ச் செம்போடு வந்த பொன்னுத்தாயி அப்படியே நின்றுவிட்டாள். உடையப்பன் மனைவி. கொத்தமங்கலத்துப் பெண். மஞ்சுவிரட்டில் யார் காளையை முதலில் அவிழ்ப்பது என்று சம்பந்திகள் இருவரும் முட்டிக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. "நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்குட்டுக் காலெடுத்து வைக்கக் கூடாது" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் ரயிலேறியிருந்தான்.

"என்ன புள்ள, ஒரு மாதிரி நிக்கிற?"

"எங்க ஆத்தா செத்து மூணு மாசமாச்சுங்க."

உடையப்பன் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ சொல்லிட்டுப் போன சொல்லுடா. நான் எப்படி மீறுறது?" என்றார் வீரையா. "அம்புட்டுத் தூரத்துல இருக்கிற உனக்கு எதுக்குன்னு கடுதாசியும் போடல."

"முகத்தப் பாத்துட்டு வந்துர்றேன்னு மாமா கால்ல விழுந்தேன். கதவச் சாத்திட்டாக." பொன்னுத்தாயி அழவில்லை. செம்பை அவன் முன்னால் வைத்தாள்.

"அவன் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்து பிடிபட்டான். நான் வாக்கப்பட்டுத்தானங்க வந்தேன்?"